ஓசூர் கம்பெனி வேலையை மாற்ற கோச்சுக்கு 40,000 கொடுக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்ட தம்பிக்கு ஊர் பாலக்கோடு பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 11 வருடமாக இருக்கிறார், இப்போது தரக்கட்டுப்பாட்டில். வயது 33. மனைவி, ஒரு குழந்தை. ஊரில் அப்பா தக்காளி போடுகிறார், போர்வெல் போட்ட கடன் இன்னும் ஓடுகிறது. வேலை சலித்துவிட்டது. சாப்ட்வேர் டெஸ்டிங், அதாவது மென்பொருளில் பிழை தேடும் வேலை, பக்கம் போகலாம் என்று ஆசை. பெங்களூரில் ஒரு கரியர் கோச் எட்டு அமர்வுக்கு 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. மூன்று மாதம் கழித்து, அதுவும் முழுத் தொகையாக இல்லாமல், கொடுக்கலாமா என்று யோசிக்கலாம். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்துக்காரன். ஓசூரில் மனிதவளத் துறையில் 13 வருடம் இருந்தேன். பிறகு கோச் பயிற்சி எடுத்துக்கொண்டு, இப்போது கிருஷ்ணகிரியில் இருந்தபடி லைன் சூப்பர்வைசர்கள், டெக்னீஷியன்களோடு இதே வேலையைச் செய்கிறேன். ஆக, எனக்கும் இதில் பிழைப்பு இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

நம் ஊரில் கோச் என்று சொன்னால் பாதிப்பேருக்கு டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் ஞாபகம் வருகிறது, மீதிப்பேருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர் ஏஜென்சி. என்னிடம் ஒருவர் நேராக பயோடேட்டாவை நீட்டி, "எவ்வளவு கமிஷன் சார்?" என்று கேட்டார். கோச் பாடம் நடத்தமாட்டார், வேலையும் வாங்கித் தரமாட்டார். யாராவது "வேலைக்கு நான் கேரண்டி" என்று சொன்னால் போனை வைத்துவிடலாம். அவர் செய்வது கேள்வி கேட்பது, நீங்கள் சொல்லும் பதிலில் நீங்களே கவனிக்காததை எடுத்துக் காட்டுவது, செய்கிறேன் என்று சொன்னதைச் செய்தீர்களா என்று அடுத்த முறை விசாரிப்பது. அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பதினோரு வருடம் ஒரே இடத்தில் இருந்தவருக்கு அந்த மூன்றாவது வேலையைச் செய்ய வீட்டில் ஆள் கிடையாது. நண்பர்களும் டீக்கடையில் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரும்பாலான கோச்சுகள் பின்பற்றும் முறை ஒன்று இருக்கிறது. 1980களில் இங்கிலாந்தில் ஜான் விட்மோரும் அவரோடு வேலை செய்தவர்களும் வடிவமைத்தது. எங்கே போகவேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, இதில் எதை எப்போது செய்யப்போகிறீர்கள் என்று நான்கு படி. நல்ல முறைதான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் நம் ஊருக்கு ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

கோச் என்று பலகை மாட்ட இந்தியாவில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. நாளைக்கே நீங்களும் மாட்டலாம். ஓரளவு நம்பக்கூடிய அளவுகோல் 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, அதாவது ஐசிஎஃப், தரும் சான்று. அதில் மூன்று நிலை. ஏசிசி என்றால் 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும், பிசிசி என்றால் 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும். எம்சிசி-க்கு 200 மணி, 2,500 மணி. ஒருவர் உண்மையிலேயே சான்று பெற்றவரா என்று அவர்கள் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், காசு கிடையாது. உங்கள் பெங்களூர்க்காரர் பெயரைத் தேடினீர்களா? சான்று இல்லாமலும் நல்ல கோச்சுகள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு அமர்வுக்கு 40,000 என்றால் ஒரு அமர்வுக்கு 5,000. அந்த விலை சொல்பவரிடம் சான்றைக் கேட்பதில் தப்பே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு 38 வயதில் இதே சலிப்பு வந்தது. ஒருவரிடம் 30,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். நான்கு அமர்வு. ஆளுமைப் பரீட்சை ஒன்று வைத்து, நாற்பது பக்கத்துக்கு வண்ண வண்ணப் படத்தோடு அறிக்கை கொடுத்தார். நான் பிறவித் தலைவனாம், மாற்றத்தை விரும்புகிறவனாம். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசி அமர்வில் திட்டம் போட்டோம்: வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் அறை எடுத்து ஒரு வருடப் படிப்பு. வீட்டுக்கு வந்து அறிக்கையைப் பிரித்து வைத்தேன். என் மனைவி முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "பத்தாம் தேதி சீட்டுக்கு யார் கட்டுறது?" என்றாள். நான்கு அமர்வில் அந்த மனிதர் என் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அறிக்கை இன்னும் பரண்மேல் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து இன்னொருவரிடம் போனேன். ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், ஒரு அமர்வுக்கு 1,500 வாங்கினார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இந்த முடிவுக்கு உங்க வீட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போடணும்?"

நான் சொன்ன ஓட்டை இதுதான். அந்த நான்கு படியும் ஒரு ஆள் தனியாக நின்று முடிவெடுப்பதாக வைத்துக்கொள்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மாதச் சம்பளம் வாங்குபவன் தனியாக நிற்பதில்லை. அவன் சம்பளத்தின்மேல் போர் கடன் இருக்கும், தங்கைக்குச் செய்யவேண்டிய சீர் இருக்கும், மாந்தோப்புக் குத்தகைக்கு முன்பணம் கொடுத்திருப்பான். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த மாதம் அந்தச் சம்பளம்தான் விவசாயத்தையும் தாங்கும். உங்கள் வீட்டில் விவசாயம் ஒரு வருமானம், கம்பெனி இன்னொரு வருமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், பல வருடம் கம்பெனி வேலைதான் விவசாயத்துக்கு இன்சூரன்சாக இருந்திருக்கும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத கோச், அவர் எந்தச் சான்று வைத்திருந்தாலும், வேறு யாருடைய வாழ்க்கைக்கோ திட்டம் போடுகிறார்.

அதனால் நான் மூன்றாவது சந்திப்புக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன், சில சமயம் அப்பாவை. என்னோடு பயிற்சி எடுத்த சிலர் இது முறையில்லை, வாடிக்கையாளரின் தனிமை போய்விடும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே ஒருவர் வெளியாளிடம் வருகிறார். முதல் இரண்டு சந்திப்பு அதற்கு. மூன்றாவதில் கணக்கு நோட்டு மேசைக்கு வந்தாக வேண்டும்.

இனி உங்கள் சலிப்பு. இதுதான் முக்கியம், இதற்குக் காசும் ஆகாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டும் ஒரு சுற்று வரும்வரை, தினமும் ரூமுக்கு வந்ததும் இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எந்த நேரம் ஓடியதே தெரியவில்லை, எந்த நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய தத்துவம் எழுதவேண்டாம். "ரிஜெக்ஷன் பார்ட்டை வைத்து ஏன் ஏன் என்று நோண்டியது பிடித்தது", "கஸ்டமர் ஆடிட்டுக்குப் பொய்யாகப் பழைய தேதி போட்டு ஃபைல் நிரப்பியது எரிச்சல்" இந்த மாதிரி.

ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். வேலையே பிடிக்கவில்லை, கோழிப்பண்ணை வைக்கப்போகிறேன் என்றார். நோட்டு எழுதச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்ததில் எரிச்சல் வரிகள் எல்லாம் சி ஷிப்ட் வாரத்திலேயே குவிந்திருந்தன. மற்ற இரண்டு வாரமும் மனிதர் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறார்! அவருக்கு வேலை பிரச்சினையில்லை, இரவுத் தூக்கம்தான் பிரச்சினை. சப்ளையர் தரப் பிரிவில் ஜெனரல் ஷிப்ட் காலியானபோது கேட்டு வாங்கிக்கொண்டார். கோழிப்பண்ணைப் பேச்சு அதோடு நின்றது. இன்னொருவருக்கு மேலதிகாரி ஒருவர்தான் பிரச்சினை, அவர் வேறு பிளாண்ட்டுக்கு மாற்றலாகிப் போனதும் இவருக்கும் வேலை மாறும் ஆசை போய்விட்டது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவரவில்லை. நோட்டில் மூன்று ஷிப்ட் வாரமும் ஒரே மாதிரி எரிச்சல் இருந்தால் நிஜமாகவே மாறவேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்படியென்றால் சாப்ட்வேர் டெஸ்டிங்கா? ஆசையைக் கெடுக்கவில்லை. ஆனால் 33 வயதில் டிப்ளமோவோடு போனால் பல கம்பெனிகள் விண்ணப்பத்தை எடுக்கும்போதே டிகிரி இருக்கிறதா என்று பார்க்கும், எடுத்தாலும் 22 வயதுப் பிள்ளைகளோடு புதியவராக வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். சம்பளமும் அந்த வரிசைச் சம்பளம்தான். அதற்காக வேண்டாம் என்றில்லை, மலிவாகச் சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்டிக்யூபி என்று டெஸ்டிங்குக்கு ஒரு அடிப்படைச் சான்று இருக்கிறது. பாடத்திட்டம் இணையத்தில் இலவசம். தேர்வில் 40 கேள்வி, 60 நிமிடம், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேர்வுக்குப் பணம் கட்டவேண்டாம், பாடத்திட்டத்தை இறக்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒரு மாதம் படியுங்கள். பத்தாவது பக்கத்தில் தூக்கம் வருகிறதா, அடுத்த அத்தியாயத்தைத் தேடுகிறீர்களா என்று பாருங்கள். 40,000 கொடுத்துத் தெரிந்துகொள்ள நினைத்ததில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு விஷயம், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பதினோரு வருடம் தரத்தில் இருந்தவர் கையில் வெறும் வெர்னியர் மட்டும் இல்லை. ஒரு குறை எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போகத் தெரியும், குறையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில் சொல்லும் 8டி அறிக்கை எழுதத் தெரியும், அளவுக் கருவியையே சந்தேகப்படத் தெரியும். இது வண்டிப் பார்ட்டுக்கு மட்டும் உரியதல்ல. வண்டித் தொழிலுக்கான தர நிர்ணயமான ஐஏடிஎஃப் 16949-இல் உள் தணிக்கையாளராகத் தேறினால் பல சப்ளையர்களைச் சுற்றிப்பார்க்கும் வேலைக்கு வழி திறக்கும். அளவுக் கருவிகளுக்குக் கேலிபிரேஷன், அதாவது சரியாக அளக்கின்றனவா என்ற சோதனை, செய்துகொடுக்கும் ஆய்வகங்கள் ஐஎஸ்ஓ 17025 தரப்படி ஆள் தேடுகின்றன. நம் கிருஷ்ணகிரியிலேயே மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. பெங்களூரா மாங்காய் வரும் சீசனில் அங்கே தரம் பார்க்க ஆள் வேண்டும், ஏற்றுமதி என்றால் இன்னும் கறாராக. வண்டிப் பார்ட்டில் இருந்தவருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டங்களைப் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கும், சீசன் முடிந்தால் வேலை குறையும், இரண்டையும் தெரிந்துகொண்டே போகவேண்டும். போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை, ஓசூரில் ஏதர், ஓசூர் பக்கமே டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வேறுவகை உற்பத்தியும் வந்துவிட்டது. சாப்ட்வேர்தான் வேண்டும் என்று மனது சொன்னால், தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதும் கம்பெனிகளைப் பாருங்கள். லைனில் என்ன நடக்கும் என்று தெரிந்த டெஸ்டர் அவர்களுக்குச் சுலபத்தில் கிடைப்பதில்லை. அங்கே உங்கள் பதினோரு வருடம் வீணாகாது. வெளியே மொபைல் ஆப் டெஸ்டிங்குக்குப் போனால் முழுதாக வீண்.

பணக் கணக்கு. வேலையை விடும்முன் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடம் தாண்டியதால் உங்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து (அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறைந்தால், 2025 நவம்பரில் வந்த புதுச் சட்டப்படி பாதியை வைத்து), அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்கவேண்டும். அடிப்படை 18,000 என்று வைத்துக்கொண்டால் 11 வருடத்துக்குச் சுமார் 1,14,000 ரூபாய் வரும். முதல் வருடம் அப்ரென்டிஸாக இருந்திருந்தால் அந்த வருடம் கணக்கில் வராது. நடுவில் காண்ட்ராக்டிலிருந்து பர்மனென்ட் ஆகியிருந்தால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள், ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு கேட்டால் பதிலே வேறுமாதிரி வரும். பதிமூன்று வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள். புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கம்பெனி மாறினாலும் மாறாத யுஏஎன் எண் அதற்குத்தான். ஓய்வூதியத் திட்டத்திலும் உறுப்பினராக இருந்து 10 வருடம் முடிந்திருந்தால் பிற்காலத்தில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும்.

இன்னொரு பயம் எல்லோருக்கும் உண்டு. "போட்டிக் கம்பெனிக்கு இரண்டு வருடம் போகக்கூடாது" என்று சேரும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பு நடத்துவதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் நோட்டீஸ் காலம் வேறு, கம்பெனி ரகசியத்தை வெளியே கொண்டுபோவது வேறு. அவை இரண்டும் உங்களைக் கட்டும்.

கையில் எத்தனை மாதச் செலவு இருந்தால் விடலாம்? வீட்டுச் செலவு, சீட்டு, கடன் தவணை மூன்றும் சேர்த்து ஆறு மாதத்துக்கு என்பது என் கணக்கு. தக்காளி வீட்டுக்கு நான் எட்டு என்பேன்.

காசில்லாமல் கிடைப்பதையும் பார்த்துவிடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இப்போது தொழில்நெறி வழிகாட்டும் மையமாகவும் இயங்குகிறது. பதிவைப் புதுப்பிக்க மட்டும் போகும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போய் வழிகாட்டுதல் வேண்டும் என்று கேளுங்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசம். சொந்தமாகக் கேலிபிரேஷன் மாதிரி ஏதாவது தொடங்கும் எண்ணம் வந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் டிப்ளமோ படித்தவர்களுக்கும் இடம் உண்டு, திட்டச் செலவில் 25 சதவீதம் மானியம். மத்திய அரசின் மானியக் கடன் திட்டமான பிஎம்இஜிபி-யில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். அங்கே உட்கார்ந்து உங்கள் மனதைப் பேச நேரம் தரமாட்டார்கள், படிவம், தகுதி, வங்கி என்று வேகமாகப் போவார்கள். அந்த இடத்தில்தான் கோச் உதவுவார்.

அதனால் நோட்டு ஒரு சுற்று முடிந்து, டெஸ்டிங் பாடமும் ஒரு மாதம் படித்து, மனைவியோடு கணக்கும் போட்டபிறகு கோச்சிடம் போங்கள். அப்போது எட்டு அமர்வு தேவைப்படாது. "இரண்டு அமர்வுக்கு மட்டும் கட்டுகிறேன், பிடித்தால் தொடர்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள். முதல் போன் பேச்சில் அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார், நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று கவனியுங்கள். அரை மணியில் இருபது நிமிடம் அவரே பேசினால் அது வியாபாரப் பேச்சு. ஷிப்டில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தமிழில் பேச முடியுமா என்றும் கேளுங்கள். இதைச் சிலர் கௌரவக் குறைச்சலாக நினைத்து ஆங்கிலத்தில் தடுமாறுகிறார்கள். சலிப்பையும் பயத்தையும் பழகின பாஷையில் சொன்னால்தான் வாயிலிருந்து உண்மை வரும்.

மனைவியை ஒரு அமர்வுக்கு அழைத்துவரலாமா என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் பாருங்கள்.

நோட்டை எழுதிய பிறகு மறுபடி கேளுங்கள் தம்பி. அப்போது சி ஷிப்ட் வாரத்தில் எழுதிய வரிகளையும், மாதம் பிறந்தால் கட்டாயம் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பெங்களூர்க்காரரிடம் இதுவரை முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.